ஏழாவது நிழலுக்கு இரண்டு மதிப்பெண்

பத்துக்கு இரண்டு. அந்தத் தாளில் ஏழாம் எண் உருவத்துக்கு நான் போட்ட மதிப்பெண் அது. என் நாட்குறிப்பில் அன்றைக்கு ஒரு வரிதான் இருக்கிறது: ‘செவ்வாய். பல் மருத்துவமனை. ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தேன்.’ அதற்குப் பின் நடந்தவற்றையும் அந்தந்த நாளில் குறித்துத்தான் வந்திருக்கிறேன். சேர்த்து எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மாற்றலில் கல்கத்தாவுக்கு வந்தபோது மகளுக்கு மூன்று வயது. பிறகு வந்த இரண்டு மாற்றல்களை அவள் படிப்பைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டு, சால்ட் லேக் குடியிருப்பில் அதே மூன்றாம் மாடி வீட்டிலேயே இருந்துவிட்டோம். அவள் இப்போது செக்டார் ஃபைவில் ஒரு மென்பொருள் அலுவலகத்துக்குப் போகிறாள். அம்மாவோடு நெல்லைத் தமிழ், சிநேகிதிகளோடு வங்காளம், கோபம் வந்தால் அதுவும் வங்காளம்தான்.

எதையும் தேதி போட்டுக் குறித்துவைப்பது என் பழக்கம். கால்பைசாகி எனப்படும் கோடைப்புயல் முதலில் வந்த நாள், எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்ட நாள், மின்விசிறி மாற்றிய நாள், எல்லாம் இருக்கும். மகளின் நான்காவது பிறந்தநாளில் இன்னொன்றையும் தொடங்கினேன். கேமரா வருவதற்கு முந்தைய காலத்தில் மனிதர்களின் நிழலைச் சுவரில் விழவைத்து, அதன் ஓரத்தை வரைந்து, உருவப்படமாக வைத்துக்கொள்வார்கள் என்று நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் படித்திருந்தேன். சாப்பாட்டு அறைச் சுவரில் சார்ட் பேப்பரை ஒட்டி, ஜன்னல்களைச் சாத்தி, மேஜைவிளக்கைப் போட்டு, குழந்தையை ஸ்டூலில் பக்கவாட்டாக உட்காரவைத்தேன். நெற்றியில் தொடங்கிக் கழுத்துவரை ஒரே கோடு. கீழே தேதி, கிழமை. விளக்கு இருந்த இடத்தையும் ஸ்டூல் இருந்த இடத்தையும் தரையில் பெயின்ட்டால் புள்ளி வைத்துக்கொண்டேன். அளவு மாறக்கூடாது அல்லவா. அந்தப் புள்ளிகள் இன்றும் இருக்கின்றன. அவளுடைய இருபத்தோராவது பிறந்தநாள்வரை ஒரு வருடம்கூட விடவில்லை. பதினெட்டுத் தாள்கள்.

இந்தக் கதை போன வருடம் மார்ச்சில் கடைவாய்ப்பல் வலியில் ஆரம்பித்தது. பக்கத்து பிளாக்கில் இருந்த பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். பல்லைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டு, பக்கவாட்டில் எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்து, “கீழ்த்தாடை கொஞ்சம் பின்தங்கியிருக்கிறதே, இதை யாரும் சொன்னதில்லையா?” என்று அவளிடம் கேட்டிருக்கிறார். யாரும் சொன்னதில்லை. எங்கள் யாருக்கும் அப்படி ஒன்று தெரியாது. டாலிகஞ்ச் பக்கம் இருக்கிற பல் மருத்துவக் கல்லூரியில் பல் சீரமைப்புப் பிரிவுக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார்.

முதல் தடவை அவள் தனியாகப் போய்வந்தாள். அங்கே அவளுடைய எக்ஸ்ரேயின் மேல் கோடு இழுத்து, அவளுடைய முகத்தின் பக்கவாட்டு வடிவத்தை ஒரு வரைபடமாக்கி, போனில் அனுப்பியிருந்தார்கள். அதை அவள் எங்களிடம் காட்டவில்லை. இரண்டாவது தடவை, அந்தச் செவ்வாய்க்கிழமை, நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.

அவளை உள்ளே அழைத்துப் பல்லுக்கு அச்சு எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்போது மேற்படிப்பு படிக்கும் மாணவி ஒருத்தி, வெள்ளைக் கோட்டுடன், கையில் தாள்கட்டோடு வந்தாள்.

“காக்கு, பத்து நிமிஷம் இருக்குமா? என்னோட தீசிஸுக்கு. பேர் எழுத வேண்டாம். இந்தப் படங்களைப் பார்த்து மார்க் போடணும், அவ்வளவுதான். டாக்டர்கள் கொஞ்சம் பேர், டாக்டர் இல்லாதவங்க கொஞ்சம் பேர், ரெண்டு கூட்டமும் முகத்தை எப்படிப் பார்க்குதுன்னு எனக்குத் தெரியணும்.”

வங்காளத்தில் கேட்டாள், சித்தப்பாவை அழைப்பதுபோலக் காக்கு என்று அழைத்துவிட்ட பிறகு மறுக்க முடியாது. மறுக்கிற எண்ணமும் எனக்கு இல்லை. படிவம் என்றால் எனக்கு உற்சாகம்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவரையே உட்காரவைத்து அவருடைய எழுத்தைத் திருத்தியவன் நான்.

தாளில் ஒன்பது கறுப்பு உருவங்கள். பக்கவாட்டு முகங்கள், எல்லாம் ஒரே நெற்றி, ஒரே மூக்கு. முகவாய் மட்டும் ஒன்றில் முன்னால் வந்திருக்கும், ஒன்றில் பின்னால் போயிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். பக்கத்தில் ‘குறிப்பு, இருந்தால்’ என்று ஒரு கட்டம்.

இன்னொருவராக இருந்தால் மூன்று நிமிடத்தில் எண்களை எழுதிக் கொடுத்திருப்பார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒன்பதையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பென்சிலில் முதலில் போட்டு, பிறகு பேனாவால் எழுதினேன். குறிப்புக் கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை என்று பிற்பாடு தெரிந்தது. நான் ஒன்பதையும் நிரப்பினேன். நாலாம் எண்ணுக்கு எட்டு, ‘சமநிலை’. இரண்டாம் எண்ணுக்கு ஆறரை, ‘பிடிவாதக்காரர் போல’. ஏழாம் எண்ணுக்கு இரண்டு. ‘முகவாய் இல்லாததுபோல் இருக்கிறது. எதையும் முடிவெடுக்கத் தெரியாதவர் போல.’

மகள் அதற்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை. மாணவி தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்துச் சிரித்தாள். “காக்கு, எங்க சாரைவிடக் கறாரா மார்க் போட்டிருக்கீங்க! டாக்டர் இல்லாதவங்க எல்லாம் எல்லாத்துக்கும் ஆறு, ஏழுன்னு அள்ளிப் போடுவாங்க.” எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

திரும்பும் வழியில் பஸ் பாலிகஞ்ச் தாண்டும்வரை அவள் கன்னத்தில் கைவைத்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அச்சு எடுத்ததில் வாய் வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

“அப்பா, ஏழுக்கு ரெண்டு போட்டீங்க.”

“எந்த ஏழு?”

“அந்த பேப்பர்ல. ஏழு.”

“ஆமா. அதுல நாடியே இல்லையேம்மா.” முகவாயை எங்கள் பக்கம் நாடி என்போம்.

அவள் போனைத் திறந்து அந்த வரைபடத்தை என் மடியில் வைத்தாள். “நான்தாம்பா ஏழு.”

பார்த்தேன். மூக்கு வேறு, நெற்றி வேறு. ஆனால் உதட்டுக்குக் கீழே கோடு உள்ளே சரிந்து கழுத்தோடு சேர்கிற விதம் அதேதான். “இது அது இல்ல,” என்றேன். “இங்க பாரு, மூக்கு...” என்றேன். பஸ்ஸில் யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள்.

வீட்டில் மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் அவள் கோபம் முழுக்க டாக்டர்கள் மேல் திரும்பியது. “ஏட்டி, ஒன் நாடிக்கு என்ன கொறச்சல்? பல்லு வலின்னு போனா பல்லைப் பாக்கணும். மூஞ்சிய அளந்துட்டு நிக்கானுவ!” பிறகு என் பக்கம் திரும்பினாள். “இது உங்க நாடிதான். நீங்க தாடிய வச்சு மறச்சிட்டீய, அவளால முடியுமா?”

எனக்கு இருபத்திரண்டு வயதிலிருந்து தாடி. “நீ எப்பப் பாத்தே?”

“கல்யாணமாயி ஏழாம் மாசம் திருச்செந்தூர்ல மொட்டை போட்டியளே, தாடியோட சேத்து. அன்னைக்குப் பாத்தேன்.”

“என்ன தோணுச்சு?”

“பசிக்குன்னு தோணுச்சு. மணி ஒண்ணாயிட்டு.”

மகள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அன்று வீடு ஓரளவு சரியானதுபோல இருந்தது. ஆனால் இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவும்போது, என்னைப் பார்க்காமல், சாதாரணமாகச் சொன்னாள்: “நீங்க எல்லாரும் நான் அழகா இருக்கேன்னுதான் சொல்வீங்க. யாருன்னு தெரியாம போட்டப்பதான்பா ரெண்டு.”



அடுத்த நாட்களில், மாஷிமா, அதாவது சித்தி, என்று நாங்கள் அழைக்கும் மேல்வீட்டு அம்மாவிடம்கூட நான் உதவி தேடினேன். எழுபது வயது, மகளைக் குழந்தையிலிருந்து தெரிந்தவர். ஒரு மாலை அவர் வந்தபோது நானே பேச்சை அந்தப் பக்கம் திருப்பினேன். அவர் மகளின் கன்னத்தைப் பிடித்து, “ஓ மா, கீ மிஷ்டி முக்!” என்றார். எவ்வளவு இனிப்பான முகம் என்று. மகள் முகத்தைப் பக்கவாட்டாகத் திருப்பிக் காட்டி, “இப்படிப் பாருங்க, மாஷிமா,” என்றாள். மாஷிமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். “என்ன, பருவா?” என்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்த சாட்சியம். ஆனால் மகளுக்கு அது பயன்படவில்லை. “அவங்களுக்குக் காடராக்ட், அப்பா,” என்றாள்.

அந்தப் படிவத்தைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. அலுவலகத்தில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு டாலிகஞ்ச் போனேன். மாணவி என்னை நினைவு வைத்திருந்தாள்.

“எடுக்க முடியாது காக்கு. பேரில்லாத தாள், எல்லாத்தோடயும் கலந்துபோச்சு.”

“என் கையெழுத்து எனக்குத் தெரியும். குறிப்பெல்லாம் எழுதியிருக்கேன்.”

“அதைத்தான் சார்கிட்ட காட்டினேன். ரொம்ப ரசிச்சார்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரிப்பை நிறுத்தினாள். “என்ன ஆச்சு?”

சொன்னேன். அவள் சிறிது நேரம் தாள்கட்டின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

“நீயே சொல்லும்மா. உனக்கு அவ எப்படித் தெரியறா?”

“என்கிட்ட கேக்காதீங்க காக்கு. இங்க வந்த பிறகு என்னால யாரோட முகத்தையும் சும்மா பார்க்க முடியல. மெட்ரோவில எதிர் சீட்ல இருக்கிறவங்க எல்லாம் அளக்கிற கோணமாத்தான் தெரியறாங்க. எங்க அம்மாவும்தான்.”

திரும்புகையில் மெட்ரோவில் ஏறினேன். எதிர் வரிசையில் ஏழு பேர். கதவோரம் நின்றவர்கள் நான்கு பேர், பக்கவாட்டாக. எனக்கும் அவர்கள் கோணங்களாகத்தான் தெரிந்தார்கள். சகிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

இதற்கு அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. அதைச் செய்தபோது அதுதான் மருந்து என்று நம்பினேன்.

சிகிச்சையைத் தீர்மானிக்கும் நாளில், பழைய புகைப்படங்கள் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஆல்பம் ஆல்பமாகத் தேடினோம். எல்லாம் நேர்முகம். பக்கவாட்டாக நின்று யார் படம் எடுத்துக்கொள்கிறார்கள்? அப்போது சார்ட் பேப்பர் சுருள் நினைவு வந்தது. பதினெட்டு வருடம் ஒரே இடத்தில் உட்காரவைத்து இந்த முகத்தை வரைந்திருக்கிறேன்; இதை டாக்டர் பார்த்தால், இது குறையல்ல, இவளுக்கே உரிய முகம் என்று சொல்வார்; அவளும் தன் காதால் கேட்பாள். இப்படிக் கணக்குப் போட்டேன். சுருளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டர் ஐம்பது வயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். தாள்களை நீளமான மேஜையில் வயதுவாரியாக விரித்தார். மாணவர்களை அழைத்தார். “பாருங்கள், ஒரே தூரம், ஒரே வெளிச்சம், தேதியோடு. இப்படி ஒரு பதிவு நமக்குக் கிடைக்கவே கிடைக்காது.” என்னிடம், “நீங்கள் என்ன, என்ஜினியரா?” என்று கேட்டார். மாணவி கைபேசியில் ஒவ்வொன்றாகப் படமெடுத்தாள். மகள் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தாள்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஏழு வயது, எட்டு, ஒன்பது. பதினொன்றில் விரல் நின்றது. “இங்கேயே தெளிவாகத் தெரிகிறது. பன்னிரண்டில் இன்னும் தெளிவு.” பாடம் நடத்துகிற குரலிலேயே தொடர்ந்தார்: “இந்த வயதில் வந்திருந்தால், எலும்பு வளர்கிற நேரம், கழற்றி மாட்டுகிற ஒரு கருவி போட்டே பெருமளவு சரிசெய்ய முயன்றிருக்கலாம். இப்போது வளர்ச்சி முடிந்துவிட்டது. பல்லை மட்டும் நகர்த்தி ஓரளவு சமாளிக்கலாம், முகவாய் இப்படியேதான் இருக்கும். தாடையையே நகர்த்த வேண்டுமென்றால் அறுவைச் சிகிச்சைதான்.” பிறகு நியாயமாக இதையும் சொன்னார்: “மெல்லுவதற்கு ஒன்றும் கஷ்டமில்லை. கட்டாயம் ஒன்றுமில்லை. அவர் விருப்பம்.”

மகள் எழுந்து வந்து அந்தப் பதினொன்றாம் வயதுத் தாளைப் பார்த்தாள். என் எழுத்தில் கிழமை, தேதி. கீழே ஒரு சிறு குறிப்பு: ‘இன்று ஆடாமல் உட்கார்ந்தாள்.’

“நீங்கதானேப்பா வரைஞ்சீங்க,” என்றாள். “ஒவ்வொரு வருஷமும். உங்களுக்குத் தெரியலையா?”

குற்றம் சாட்டுகிற குரலில் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். யாரென்று தெரியாத ஒரு நிழலில் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்ததை, பதினெட்டு வருடம் பென்சில் நுனியால் தொட்டுத் தொட்டு வரைந்தும் நான் பார்க்கவில்லை. “தெரியலைம்மா,” என்றேன். அது மட்டும்தான் உண்மை.

அவள் அறுவைச் சிகிச்சை என்றாள். இருபத்தொரு வயதுப் பெண், தன் சம்பாத்தியம், தன் முகம். என் சம்மதம் எந்தத் தாளிலும் தேவைப்படவில்லை. ஏப்ரலில் பற்களில் கம்பி போட்டார்கள். முதலில் பல்வரிசையைத் தயார்செய்ய வேண்டும், அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை முகம் முன்பைவிட மோசமாகத்தான் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே தெரிந்தது. மாதாமாதம் அவள் தன்னைப் பக்கவாட்டில் படமெடுத்துப் பார்ப்பாள். வீடியோ அழைப்புகளில் கீழ்த்தாடையை முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு பேசக் கற்றுக்கொண்டாள். திருநெல்வேலியிலிருந்து அழைத்த அவள் சித்தி, “ஏன் பிள்ள கோவமா இருக்கா?” என்று கேட்டாள்.

போன வருடம் பிறந்தநாள் வந்தது. நான் சார்ட் பேப்பர் வாங்கிவைத்திருந்தேன். “இந்த வருஷம் வேண்டாம்பா,” என்றாள். நாட்குறிப்பில் ‘வரையவில்லை’ என்று எழுதினேன்.

இந்த வருடம் துர்கா பூஜை முடிந்து, நவம்பரில் அறுவைக்கு நாள் குறித்தார்கள். ஒப்புதல் படிவத்தை எங்கள் முன்னிலையில் விளக்கினார்கள். கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் அறுத்து, முன்னால் நகர்த்தி, சின்னத் தகடு வைத்துத் திருகுவார்கள். கீழுதட்டிலும் முகவாயிலும் மரத்துப்போகும், பெரும்பாலும் சரியாகிவிடும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாக இருந்துவிடலாம். மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். மகள் கையெழுத்துப் போட்டாள். கீழே ‘சாட்சி’ என்று ஒரு கட்டம். பேனாவை என் பக்கம் நீட்டினார்கள். அந்தக் கட்டடத்தில் இதற்கு முன் நான் எழுதிக் கொடுத்த படிவம் அந்த ஒன்பது உருவங்களின் தாள்தான். கையெழுத்தைப் போட்டு, பக்கத்தில் யாரும் கேட்காமலே தேதியும் எழுதினேன்.

அறுவைக்கு ஒன்பது நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய இருபத்து மூன்றாவது பிறந்தநாள். பாயசம் சாப்பிட்டு முடித்து அவளாகவே, “பேப்பர் இருக்காப்பா?” என்றாள்.

“போன வருஷம் வாங்கினது இருக்கு.”

“வரையுங்க. இந்த முகத்துக்குக் கடைசி.”

காலை பதினோரு மணிக்கு ஜன்னல்களைச் சாத்தினேன். விளக்கைப் புள்ளியில் வைத்தேன். ஸ்டூலை மற்றப் புள்ளிகளில் வைத்தேன். அவள் உட்கார்ந்தாள். சுவரில் நிழல் விழுந்ததும் நெற்றியில் பென்சிலை வைத்தேன். நெற்றி, மூக்கின் பள்ளம், மூக்கு, மேலுதடு. கம்பியால் உதடு சற்று எழும்பியிருந்தது. கீழுதட்டுக்கு வந்தபோது நிழல் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. கோடு உள்ளே சரிய வேண்டிய இடத்தில் நேராக இறங்கியது.

திரும்பிப் பார்த்தேன். அவள் கீழ்த்தாடையை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. காதுக்குக் கீழே தசை லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது.

உண்மையான கோடு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு முறை வரைந்த கை. சற்றுத் தளர்த்திக்கொள் என்று சொல்லலாம். சொன்னால், எனக்கு அந்த ஏழாவது உருவம்தான் வேண்டும் என்று ஆகும். அவளுடைய இயல்பான முகமே நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள். இப்போது தள்ளிப் பிடித்திருப்பது நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நம்பிவிடுவாள்.

“வலிக்குதாம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

அவள் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் தாடை பின்னால் போய்விடும்.

விழுந்த நிழலை வரைந்தேன். அவளுக்கு வலிக்குமே என்று வேகமாகவும், வேகத்தில் கோடு தப்பிவிடக்கூடாதே என்று மெதுவாகவும் வரைந்து, கழுத்தில் கொண்டுபோய் முடித்தேன். கீழே கிழமையும் தேதியும் எழுதினேன். மற்றத் தாள்களில் எழுதுவதுபோல் ஒரு குறிப்பு எழுதப் பென்சிலை வைத்து, எழுதாமல் எடுத்துவிட்டேன்.

முடித்துவிட்டேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை. அவள் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.